பெயரில்லாத பழைய விமானப் படம்: அது எந்த விமானம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆல்பம் ஒன்றில் அஞ்சலட்டை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்திருக்கிறது. ஒற்றை இறக்கை விமானம் ஒன்று புல்வெளியில் நிற்கிறது. மூக்கில், விரித்த விரல்களைப் போல மூன்று சிலிண்டர்கள். உடலின் பின்பாதிக்குத் துணி போர்த்தவில்லை. மரச்சட்டமும் கம்பிகளும் எலும்புக்கூடு மாதிரி வெளியே தெரிகின்றன. இறக்கையின் கடைசியில் கீல் வைத்த சிறு பலகை ஒன்று இருக்கிறது. இறக்கையை ஒட்டி, தொப்பி அணிந்த ஒருவர் நிற்கிறார். பின்புறம் பென்சிலில் “முதல் விமானம், 1908” என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். இது எந்த விமானம், இப்படிப்பட்ட படங்களை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் கணிப்பை முன்னாலேயே சொல்கிறேன். இது ப்ளேரியோ 11 என்ற பிரெஞ்சு விமானத்தைப் பார்த்து வேறு யாரோ கட்டியது. ப்ளேரியோவின் பட்டறையில் பிறந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. 1908 என்ற ஆண்டு நிச்சயமாகத் தவறு. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை விளக்கினாலே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

பழைய விமானப் படத்தைக் கையில் எடுத்ததும் எல்லோரும் செய்வது, தெரிந்த விமானங்களின் படங்களைப் பக்கத்தில் வைத்து எது ஒத்துப்போகிறது என்று பார்ப்பது. அங்கேதான் வழி தவறுகிறது. 1914க்கு முந்தைய விமானங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று கட்டப்பட்டவை. ஒற்றுமையைத் தேடினால் எதற்கும் எதனோடும் ஒற்றுமை கிடைக்கும். தேட வேண்டியது ஒத்துப்போகாத ஒரே ஒரு விஷயத்தை. “இது ப்ளேரியோவாக இருந்தால் இந்த இடத்தில் இது இருக்கவே கூடாதே” என்று சொல்ல வைக்கும் ஒரு கம்பியோ கீலோ சக்கரமோ கிடைத்துவிட்டால், அது நூறு ஒற்றுமைகளைவிட அதிகம் சொல்லும்.

உங்கள் படத்துக்கே வருவோம். லூயி ப்ளேரியோ 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அந்த விமானம்தான் ப்ளேரியோ 11. இரண்டே மாதங்களில் நூற்றுக்கும் மேல் ஆர்டர்கள் குவிந்தன. இங்கிலாந்தில் ஹம்பர் நிறுவனம் அதைக் கட்டியது. ஸ்வீடனில் தூலின் உரிமம் வாங்கிக் கட்டினார். அமெரிக்காவில் லாங் ஐலண்டின் ஹெம்ப்ஸ்டெட்டில் ஒரு பட்டறை நகல்களைச் செய்து விற்றது. இவை போக, தச்சு வேலை தெரிந்த ஆர்வலர்கள் இதழ்களில் வந்த வரைபடங்களை வைத்து வீட்டுக் கொட்டகையில் கட்டியவற்றுக்குக் கணக்கே கிடையாது. ஆகவே “ப்ளேரியோ மாதிரி இருக்கிறது” என்பது அந்தக் காலத்து ஒற்றை இறக்கை விமானங்களில் பாதிக்குப் பொருந்தும்.

ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளேரியோ 11 முதன்முதலில் பொதுமக்கள் கண்ணில் பட்டது 1908 டிசம்பரில், பாரிஸ் கண்காட்சியில். முதலில் பறந்தது 1909 ஜனவரி 23 அன்று. அப்போது அதன் மூக்கில் இருந்தது எஸ்னோ பெல்டெரியின் ஏழு சிலிண்டர் எஞ்சின். உங்கள் படத்தில் இருக்கும் மூன்று சிலிண்டர் விசிறி எஞ்சின் ஆன்சானியுடையது. சுமார் 25 குதிரைத்திறன் கொண்டது. அது இந்த விமானத்தில் ஏறியது 1909இன் நடுவில்தான். நகல் எடுப்பவர் மூலத்துக்கு முன்னால் நகல் எடுக்க முடியாது. ஆகவே உங்கள் படம் 1909 கோடைக்கு முன்னால் எடுக்கப்பட்டிருக்காது. ஆல்பத்தில் பெயர் எழுதியவர் பொய் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து, நினைவிலிருந்து எழுதியிருப்பார். பென்சில் குறிப்புகளில் மனிதர்களின் பெயரும் ஊரும் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆண்டும் “முதல்” என்ற சொல்லும்தான் அதிகம் ஏமாற்றும்.

அடுத்தது அந்தக் கீல் வைத்த பலகை. என் முடிவு அதன்மேல்தான் நிற்கிறது. விமானம் பக்கவாட்டில் சாயாமல் இருக்க அன்றைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ரைட் சகோதரர்கள் காட்டிய வழி: இறக்கையின் நுனியையே கம்பியால் இழுத்து முறுக்குவது. மற்றது, இறக்கையில் தனியாக அசையும் பலகையை வைப்பது. அதைத்தான் ஐலரான் என்கிறோம். ப்ளேரியோ பட்டறையிலிருந்து வந்த 11கள் இறக்கையை முறுக்கின. அவற்றின் இறக்கை விளிம்பு உடலிலிருந்து நுனிவரை எங்கும் வெட்டுப்படாமல் ஒரே கோடாக ஓடும். உங்கள் படத்தில் அந்தக் கோடு நுனிக்கு அருகே உடைகிறது. கட்டியவர் மூக்கையும் உடலையும் ப்ளேரியோவிடமிருந்து எடுத்துக்கொண்டு, கட்டுப்பாட்டை மட்டும் தன் விருப்பப்படி மாற்றியிருக்கிறார். நகல் கட்டியவர்களில் பலர் இப்படித்தான் செய்தார்கள். தோற்றத்தை நகல் எடுத்துவிட்டுத் தங்களுக்கு நம்பிக்கையில்லாத இடத்தை மாற்றினார்கள். அவர்கள் யார் என்பதை அந்த மாற்றங்களே காட்டிக்கொடுக்கும்.

இதை உறுதிசெய்ய இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, முன்சக்கரங்கள் மாட்டியிருக்கும் சட்டம். அசல் ப்ளேரியோவில் அது பழைய இரும்புக் கட்டிலின் தலைமாட்டைப் போல இருக்கும்: மேலும் கீழும் மரக்கட்டைகள், நடுவே செங்குத்துக் குழாய்கள், குழாய்களில் ஏறி இறங்கும் சக்கரத்தாங்கிகள். பக்கக் காற்றில் தரையிறங்கும்போது சக்கரங்கள் தாமாகவே திரும்பிக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். இதைச் செய்வது கடினம் என்பதால் வீட்டில் கட்டியவர்கள் சாதாரணமாக ஓர் அச்சும் இரண்டு சறுக்குக்கட்டைகளும் வைத்துவிடுவார்கள். இன்னொன்று வால். கால்வாயைக் கடந்த விமானத்தின் கிடைவால் உடலுக்கு அடியில் இருந்தது. அதன் இரண்டு நுனிகள் மட்டும் திரும்பி எலிவேட்டராக, அதாவது விமானத்தின் மூக்கை மேலும் கீழும் திருப்பும் பலகையாக, வேலை செய்தன. பின்னால் வந்த வடிவங்களில் இது மாறி, பின்விளிம்பு முழுவதும் கீல் போட்ட எலிவேட்டர் வந்தது. இதை வைத்தே ஒரு ப்ளேரியோ ஆரம்ப காலத்ததா, பிந்தியதா என்று சொல்லலாம். சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அசலே இருக்கிறது. கால்வாயைக் கடந்த அதே விமானம் பாரிஸின் கலை மற்றும் கைத்தொழில் அருங்காட்சியகத்தில் கூரையிலிருந்து தொங்குகிறது. 1909இல் கட்டிய இன்னொன்று இங்கிலாந்தின் ஓல்ட் வார்டனில் அதே ஆன்சானி எஞ்சினோடு இன்னும் ஓடுகிறது.

எஞ்சினைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொதுவாக நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்தக் காலத்தில் துணியும் மரமும் யாருக்கும் கிடைத்தன, ஆனால் எஞ்சின் செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி முகம் உண்டு. ஆன்சானியின் ஆரம்ப எஞ்சினில் மூன்று சிலிண்டர்களும் மேல்நோக்கி விசிறிபோல விரிந்திருக்கும். பின்னால் அதே நிறுவனம் செய்த மூன்று சிலிண்டர் எஞ்சினில் அவை வட்டத்தில் சம தூரத்தில் நிற்கும். முதலாவதாக இருந்தால் பெரும்பாலும் 1909, 1910. இரண்டாவது அதற்குப் பிந்தியது. ஆந்த்வானெத் எஞ்சின் எட்டு சிலிண்டர் கொண்டது. நான்கு நான்காக இரண்டு வரிசை, பக்கத்திலிருந்து பார்த்தால் ஒல்லியாக, நீளமாக இருக்கும். ரைட் எஞ்சின் நான்கு சிலிண்டர் கொண்டது. அது இறக்கையின் மேல் உட்கார்ந்து, சைக்கிள் சங்கிலி போன்ற சங்கிலிகளால் இரண்டு புரொப்பெல்லர்களைச் சுழற்றும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழல வேண்டும் என்பதற்காக ஒரு சங்கிலியைக் குறுக்கே திருப்பி மாட்டியிருப்பார்கள். சங்கிலி ஓடும் குழாய்கள் படத்தில் குறுக்காகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், ரைட் குடும்பம்தான்.

க்னோம் எஞ்சினில் அழகான ஒரு சங்கதி இருக்கிறது. செகான் சகோதரர்கள் செய்த இந்த ஏழு சிலிண்டர், 50 குதிரைத்திறன் எஞ்சினில் நடு அச்சு அசையாமல் நிற்கும். சிலிண்டர்கள் எல்லாமே புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். ஆகவே எஞ்சின் ஓடும்போது எடுத்த படத்தில் சிலிண்டர்கள் தெரியாது, மங்கலான சாம்பல் நிறத் தட்டு ஒன்றுதான் தெரியும். புரொப்பெல்லர் மங்கியிருக்க, சிலிண்டர்கள் மட்டும் கூர்மையாகத் தெரிந்தால் அது சுற்றும் எஞ்சின் இல்லை. வட்டமாக நிற்கும் சாதாரண எஞ்சின். ஒரே பார்வையில் பாதி பட்டியல் கழிந்துவிடும். க்னோம் எஞ்சினுக்கு ஊற்றிய ஆமணக்கு எண்ணெய் திரும்பத் தொட்டிக்கு வராது, எல்லாம் வெளியே தெறிக்கும். அதைத் தடுக்கத்தான் மூக்கில் உலோக மூடி போட ஆரம்பித்தார்கள். மூடியின் அடியிலிருந்து உடலின் அடிப்பகுதிவரை கறுத்த கறை ஓடுவதைப் பல படங்களில் பார்க்கலாம். அது நிழல் இல்லை, எண்ணெய்.

புரொப்பெல்லரும் பேசும். வளைந்த வாள்போல ஒரு பக்கம் புடைத்த மரப் புரொப்பெல்லர் இருந்தால் அது ஷோவியேர் செய்ததாகவோ அதன் சாயலில் செய்ததாகவோ இருக்கும். இரும்புத் தண்டின் இரு முனைகளிலும் துடுப்புப்போன்ற உலோகத் தகடுகள் இருந்தால் அது 1909ஐ ஒட்டிய காலம். வுவாசான், ஆந்த்வானெத் என்ற பிரெஞ்சு நிறுவனங்களின் விமானங்களில் அதைக் காணலாம். ஆனால் புரொப்பெல்லர் உடைந்தால் மாற்றுவார்கள். அதை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது.

இரட்டை இறக்கை விமானங்களில் குழப்பம் இன்னும் அதிகம். 1909, 1910 காலத்துப் படங்களில் பாதிக்கு மேல் “ஃபார்மன்” என்ற பெயரோடு சுற்றுகின்றன. மூன்று கேள்விகள் கேட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே திரைச்சீலைபோலச் செங்குத்தாகத் துணி கட்டியிருக்கிறதா? இருந்தால் வுவாசான். 1908 ஜனவரி 13 அன்று ஆன்றி ஃபார்மன் ஒரு கிலோமீட்டர் வட்டமடித்துப் பரிசு வாங்கியது வுவாசான் கட்டிய விமானத்தில்தான் என்பதால் அந்தப் பெயர்க் குழப்பம் அன்றே தொடங்கிவிட்டது. ஐலரான் இரண்டு இறக்கைகளுக்கும் இடையே, தூண்களில் தனியாகத் தொங்குகிறதா? அப்படியானால் அமெரிக்க விமானக் கட்டுநர் கர்டிஸின் வழி. நிற்கும்போது இறக்கைகளின் பின்விளிம்பில் பலகைகள் உடைந்து விழுந்தவை போலத் தொங்குகின்றனவா? அதுதான் உண்மையான ஃபார்மன் வழி. அந்தப் பலகைகளைக் கீழே இழுக்க மட்டும்தான் கம்பி இருந்தது. மேலே தூக்குவது பறக்கும்போது வரும் காற்றின் வேலை. “விபத்துக்குப் பிறகு” என்று பெயரிட்ட சில படங்களில் விபத்தே இல்லை. விமானம் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. ஆனால் இந்த மூன்றாவது அடையாளம் பிரிஸ்டல் பாக்ஸ்கைட்டுக்கும் பொருந்தும், ஏனென்றால் 1910இல் வந்த அதுவும் ஃபார்மனை அடியொற்றிக் கட்டியதுதான். இங்கே “ஃபார்மன் வகை” என்று எழுதி நிறுத்துவது நேர்மையான பதில்.

ரைட் படங்களில் பலருக்குத் தெரியாத ஒன்று: ஓட்டுபவர் குப்புறப் படுத்திருந்தால் அது 1903 முதல் 1905 வரையிலான காலம். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் 1908 அல்லது அதற்குப் பிறகு. “உலகின் முதல் விமானப் பயணம்” என்று பகிரப்படும் படங்களில் ஓட்டுபவர் உட்கார்ந்திருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. 1903 விமானத்தில் ஓட்டுபவர் நடுவில் படுக்கவில்லை; இடப்பக்கம் தள்ளிப் படுத்தார், எஞ்சின் வலப்பக்கம் இருந்தது. இது மாறித் தெரிந்தால் படம் கண்ணாடிப் பிம்பமாக அச்சாகியிருக்கிறது என்று பொருள். கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்து அச்சடித்த படங்கள் நிறைய உண்டு. எந்தப் படத்திலும் இதைச் சோதிக்க எளிய வழி, நிற்கும் ஆண்களின் கோட்டைப் பார்ப்பது. இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் மடிந்திருக்க வேண்டும். பொத்தான்கள் அணிபவரின் வலப்பக்கம் இருக்க வேண்டும்.

வண்ணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இதில் நானே ஒரு மாதம் தவறான பாதையில் போயிருக்கிறேன். முதல் உலகப் போர்க் காலத்து நியூபோர் விமானம் ஒன்றின் படம். இறக்கையில் வட்டச் சின்னம். வெளிவளையம் கறுப்பாக இருந்தது, நடுப்புள்ளி வெளிறியிருந்தது. பிரிட்டிஷ் சின்னத்தில் வெளியே நீலம், நடுவே சிவப்பு. பிரெஞ்சுச் சின்னத்தில் வெளியே சிவப்பு, நடுவே நீலம். இருட்டாகத் தெரிவது நீலமாகத்தான் இருக்கும் என்று எண்ணி அதைப் பிரிட்டிஷ் விமானமாக எடுத்துக்கொண்டு, பிரிட்டிஷ் வரிசை எண்களிலேயே தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்றைய புகைப்படத் தகடுகள் நீல ஒளிக்கு மிகக் கூர்மையாகவும் சிவப்புக்குக் கிட்டத்தட்டக் குருடாகவும் இருந்தன. நீலம் வெள்ளைபோல வெளிறும், சிவப்பு கறுப்பாகும், மஞ்சளும் எதிர்பார்ப்பதைவிட இருண்டு தெரியும். அதனால்தான் பழைய படங்களில் வானம் எப்போதும் வெறும் வெள்ளையாக இருக்கிறது. அந்தக் கறுப்பு வளையம் சிவப்பு, விமானம் பிரெஞ்சுக்காரர்களுடையது. அன்றிலிருந்து நிறத்தைக் குறித்து எதுவும் எழுதுமுன் வானத்தைப் பார்க்கிறேன். படத்தில் மேகங்கள் இயல்பாகத் தெரிந்தால் வேறு வகைத் தகட்டிலோ, லென்ஸின் முன் வடிகண்ணாடி (ஃபில்டர்) போட்டோ எடுத்திருக்கலாம். வானம் வெறும் வெள்ளையாக இருந்தால் நிறங்களைத் தலைகீழாக யோசிக்க வேண்டும். செயற்கையாக வண்ணம் ஏற்றிய படங்களை அடையாளம் காணப் பயன்படுத்தவே வேண்டாம். இருட்டாக இருப்பதையெல்லாம் அவை நீலமாகவோ பச்சையாகவோ தீட்டிவிடுகின்றன.

சின்னங்களும் எழுத்துகளும் ஆண்டைக் குறுக்க உதவும். ஜெர்மன் விமானத்தில் அகன்று வளைந்த இரும்புச் சிலுவை இருந்தால் 1914 முதல் 1918 தொடக்கம்வரை. நேர்க்கோட்டுச் சிலுவை இருந்தால் 1918 வசந்தத்துக்குப் பிறகு. பெரிய எழுத்துகளில் நாட்டுக் குறியீட்டோடு பதிவெண் இருந்தால் 1919க்கு முந்தையதாக இருக்காது. அதற்கு முன்னால் விமானத்தின் மேல் இருக்கும் எண் பெரும்பாலும் பந்தய எண். 1909 ஆகஸ்டில் ரெய்ம்ஸில் நடந்த முதல் பெரிய பந்தயத்தில் கர்டிஸ் ஓட்டியது எண் 8. ப்ளேரியோவின் பெரிய விமானம் 22. அதே விமானம் அடுத்த ஊரில் வேறு எண்ணோடு நிற்கும். ஆகவே எண்ணோடு ஊரும் தெரிந்தால்தான் பயன்.

படத்தின் பின்பக்கத்தை மறக்காதீர்கள். அஞ்சலட்டைத் தாளில் அச்சிட்டிருந்தால் முத்திரை ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள். அமெரிக்க அசோ தாளில் நான்கு மூலைகளிலும் முக்கோணங்கள் மேல்நோக்கி இருந்தால் சுமார் 1904 முதல் 1918 வரை என்று கொள்வார்கள். தாள் தரும் ஆண்டு அச்சடித்த ஆண்டு மட்டுமே, படம் எடுத்த ஆண்டு அல்ல. பின்னணியும் முக்கியம். கண்ணாடிக் கூரையும் அலங்கார விளக்குகளும் தெரிந்தால் அது பெரும்பாலும் பாரிஸின் கிராண்ட் பாலே கண்காட்சி. அங்கே நின்ற விமானம் கட்டப்பட்டது என்பதற்குத்தான் சான்று. பறந்தது என்பதற்கு அல்ல. பெயர் கேள்விப்படாத பல விமானங்கள் அந்த மண்டபத்தைத் தாண்டி வெளியே எதையும் செய்யவில்லை.

ஒரே விமானம் இரண்டு காலங்களில் இரண்டு கதைகளாக மாறுவதும் உண்டு. அமெரிக்க அறிவியலாளர் சாமுவேல் லாங்லியின் விமானம் 1903 அக்டோபர் 7 அன்றும் டிசம்பர் 8 அன்றும் பொடோமாக் ஆற்றில் ஒரு படகு வீட்டின் கூரையிலிருந்து ஏவப்பட்டு இரண்டு முறையும் நீரில் விழுந்தது. 1914இல் அதே விமானத்தைக் கர்டிஸ் ஹாமண்ட்ஸ்போர்ட்டுக்குக் கொண்டுபோய், பல மாற்றங்கள் செய்து, மிதவைகள் பொருத்தி ஏரியிலிருந்து எழச் செய்தார். ரைட் சகோதரர்களின் காப்புரிமை வழக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது. லாங்லி விமானம் நீரிலிருந்து எழும் படம் ஒன்றைப் பார்த்து “ரைட்டுக்கு முன்பே பறந்தது” என்று யாராவது சொன்னால், மிதவைகளைக் காட்டுங்கள். மிதவை இருந்தால் அது 1914. லாங்லி தலைமை வகித்த அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம், பறக்க வல்ல முதல் விமானம் லாங்லியுடையதே என்ற தன் நிலைப்பாட்டை 1942இல்தான் திருத்திக்கொண்டது. அதுவரை ஆர்வில் ரைட் தன் 1903 விமானத்தை லண்டன் அருங்காட்சியகத்திலேயே விட்டிருந்தார். ஒரு படத்தில் மிதவை இருக்கிறதா இல்லையா என்பதற்கு இத்தனை கனம் உண்டு.

மங்கலான படத்தைப் பெரிதாக்குவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1906இல் நியூயார்க்கில் நடந்த ஒரு கண்காட்சியின் சுவரில் பல படங்கள் மாட்டியிருந்தன. அந்தச் சுவரைக் காட்டும் படத்தில், தூரத்தில் மங்கலாகத் தெரிந்த ஒரு சிறு சட்டத்தை 2013இல் பெரிதாக்கி, அது ரைட் சகோதரர்களுக்கு முன்பே, 1901இல், குஸ்தாவ் வைட்ஹெட் என்பவர் பறந்ததற்குச் சான்று என்று வாதிட்டார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது. பிறகு இன்னொரு ஆய்வாளர் அதே படத்தின் தெளிவான அசலைத் தேடிப் பிடித்தார். அது ஜான் மான்ட்கோமரியின் ‘கலிஃபோர்னியா’ என்ற கிளைடர் (எஞ்சினில்லாமல் சறுக்கிப் பறப்பது), 1905இல் எடுத்த படம். பெரிதாக்கிய மங்கலில் மனிதக் கண் தான் காண விரும்புவதையே காணும். இப்போது செயற்கை நுண்ணறிவால் “தெளிவாக்கும்” கருவிகள் வந்த பிறகு நிலைமை மோசமாகியிருக்கிறது. இல்லாத தூணை வரைகின்றன, இருந்த கம்பியை அழிக்கின்றன. நாம் தேடுவதே அந்தத் தூணையும் கம்பியையும்தான்.

ஏமாற்றும் படங்கள் எல்லாமே கெட்ட எண்ணத்தில் செய்தவை இல்லை. அன்றைய அஞ்சலட்டைக் கடைக்காரர்கள் ஊர்க் கோபுரத்துக்கு மேலே ஒரு விமானத்தை வெட்டி ஒட்டி விற்றார்கள். அதே விமானம் அதே கோணத்தில் நான்கு ஊர்களின் வானத்தில் பறக்கும். புரொப்பெல்லர் கூர்மையாக நிற்க, விமானம் மட்டும் வானில் இருந்தால் அது தரையில் நின்றபோது எடுத்து ஒட்டியது. 1965இல் வெளியான ஒரு திரைப்படத்துக்காகக் கட்டிய பாக்ஸ்கைட், ஆவ்ரோ டிரைபிளேன் முதலிய மறுபடைப்புகளின் கறுப்பு வெள்ளைப் படங்களும் அசல் என்று சுற்றுகின்றன. ஏழு இறக்கை அடுக்குகள் கொண்டு, மிதிக்கும்போதே சரிந்து விழும் ஒரு வாகனத்தின் காட்சியை ரைட் சகோதரர்களுக்கு முந்தைய முட்டாள்தனம் என்று காட்டுவார்கள். அது கெர்ஹார்ட் என்பவர் 1923இல் செய்து பார்த்த மனித ஆற்றல் விமானம்; அக்கறையான ஒரு பரிசோதனை.

ஜெர்மன் படம் கிடைத்தால் இன்னொரு பொறி இருக்கிறது. புறாவின் இறக்கைபோலப் பின்னால் வளைந்த நுனியும் விரிந்த வாலும் கண்ட உடனே “டவுபே” என்று எழுதிவிடுவோம். ஆஸ்திரியாவின் இகோ எட்ரிச் ஒரு கொடியின் பறக்கும் விதையைப் பார்த்து உருவாக்கிய அந்த வடிவத்தை ரும்ப்ளர், கோத்தா, அல்பட்ராஸ், ஜன்னின் என்று பலர் கட்டினார்கள். ஜன்னினுடையது இரும்புக் குழாயால் ஆனது. போர் தொடங்கியபோது எதிர்ப்பக்கத்தார் ஜெர்மன் ஒற்றை இறக்கை விமானம் எதைக் கண்டாலும் டவுபே என்றே அழைத்தார்கள், ஆகவே அன்றைய பத்திரிகைத் தலைப்புகளும் உதவாது. அங்கே சக்கரச் சட்டத்தையும், இறக்கைக்கு அடியில் பாலம்போலச் சட்டம் ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அந்தப் பாலம் எட்ரிச்சின் அடையாளம்.

தேடும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பெயின் தொகுப்பு, பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் உள்ள ரோல் செய்தி நிறுவனப் படங்கள், சான் டியேகோ விமான அருங்காட்சியகத்தின் தொகுப்பு மூன்றும் இலவசமாகத் திறந்திருக்கின்றன. கண்ணாடித் தகட்டிலேயே கீறி எழுதிய பெயர்களை நம்பலாம், ஆனால் எழுத்துப்பிழைகளோடு. 1909இல் தொடங்கிய ‘ஃப்ளைட்’ வார இதழும், அதற்கும் முந்தைய பிரெஞ்சு ‘லேரோஃபில்’ இதழும் அந்தந்த வாரமே எழுதியவை என்பதால் பின்னாளில் வந்த எந்தப் பட்டியலைவிடவும் அவற்றுக்கு முதலிடம் தருவேன். படத்தை வைத்துத் தேடும் இணையக் கருவிகள் ஒரு தவறான பெயரையே நூறு இடங்களில் காட்டும். நூறு பேர் சொன்னதாக எண்ணிவிடாதீர்கள்.

இனி உங்கள் படத்துக்குச் செய்ய வேண்டியது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 1200 டிபிஐ-யில், வண்ண முறையில், ஓரங்களை வெட்டாமல் ஸ்கேன் செய்யுங்கள். கீறலைச் சரிசெய்ய வேண்டாம். பிறகு நான்கு இடங்களைத் தனித்தனியாக எடுத்துக் காட்டுங்கள்: முன்சக்கரச் சட்டம், வாலின் பின்விளிம்பு, இறக்கை நுனியின் அந்தப் பலகையும் அதற்குப் போகும் கம்பியும், பிறகு தொப்பிக்காரர் நிற்கும் இடம். ப்ளேரியோ 11இன் இறக்கை நுனிக்கு நுனி 7.8 மீட்டர், இறக்கைப் பரப்பு சுமார் 14 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் இறக்கையின் அகலம் ஏறக்குறைய 1.8 மீட்டர், அதாவது ஓர் ஆளின் உயரம். அவர் இறக்கைக்கு ஒட்டினாற்போல் நிற்கிறார் என்று சொல்லியிருக்கிறீர்கள். இறக்கையின் அகலம் அவர் உயரத்தைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் கட்டியவர் இறக்கையையும் பெரிதாக்கியிருக்கிறார். அந்த அளவும், பலகையின் கம்பி ஓட்டுபவரின் இருக்கையில் எங்கே போய் முடிகிறது என்பதும் தெரிந்தால், நகல் கட்டியவர்களின் பட்டியலில் தேட ஆரம்பிக்கலாம்.